பதின்மூன்றாவது ஆள்

ஒரு சின்ன விளையாட்டு. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வருடம் 1991. உலகத்தில் கூடைப்பந்து ஆடத் தெரிந்தவர்களில் மகா கெட்டிக்காரர்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிலிருந்து பன்னிரண்டு பேரை நீங்கள் பொறுக்க வேண்டும். அடுத்த வருடம் பார்சிலோனா ஒலிம்பிக்ஸுக்கு அனுப்ப. பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கும் பஞ்சமில்லை.

முதல் ஏழெட்டுப் பெயர்கள் கடகடவென்று வந்துவிடும். மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட், சார்லஸ் பார்க்லி, கார்ல் மலோன், பாட்ரிக் யூயிங், டேவிட் ராபின்சன்... பத்தாவது பெயருக்கு வரும்போது பேனா கொஞ்சம் தயங்கும். பன்னிரண்டாவதை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், வாசலில் பதின்மூன்றாவது ஆள் நின்றுகொண்டிருப்பார்.

அவரிடம் என்ன சொல்லப்போகிறீர்கள்?

இந்த வாரம் அதைத்தான் பேசப்போகிறோம். கூடைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று தெரியாதவர்களும் தைரியமாகத் தொடரலாம். (ஒரு பக்கம் ஐந்து பேர். அவ்வளவுதான், பாடம் முடிந்தது.)

* * *

முதலில் முன்கதை.

1988 சியோல் ஒலிம்பிக்ஸ் வரை அமெரிக்கா கூடைப்பந்துக்குக் கல்லூரிப் பையன்களைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. சம்பளம் வாங்கி ஆடுகிற என்.பி.ஏ. ஆட்களுக்கு அனுமதி கிடையாது. சியோலில் அரையிறுதி. சோவியத் யூனியன் 82, அமெரிக்கா 76. ஆட்டத்தைக் கண்டுபிடித்த தேசம் வெண்கலப் பதக்கத்தோடு ஊர் திரும்பியது.

1989 ஏப்ரலில் சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனம் ஓட்டெடுப்பு நடத்தி, தொழில்முறை ஆட்டக்காரர்களும் வரலாம் என்று கதவைத் திறந்தது. ஆதரவாக 56 ஓட்டு, எதிராக 13. வேடிக்கை என்னவென்றால், எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் அமெரிக்காவும் உண்டு!

திறந்தது திறந்ததுதான். தேர்வுக்குழு ஒன்று உட்கார்ந்தது. 1991 செப்டம்பர் 21-ம் தேதி தொலைக்காட்சியில் பத்துப் பெயர்களை அறிவித்தார்கள். நான் மேலே சொன்ன ஏழு பேரோடு ஸ்காட்டி பிப்பென், கிறிஸ் மல்லின், ஜான் ஸ்டாக்டன். அடுத்த மே மாதம் இன்னும் இரண்டு பேர்: கிளைட் ட்ரெக்ஸ்லரும், கல்லூரியிலிருந்து கிறிஸ்டியன் லேட்னரும்.

'ட்ரீம் டீம்' பிறந்தது. கனவு அணி.

பார்சிலோனாவில் நடந்ததைப் போட்டி என்று சொல்வது எதிராளிகளைக் கேலி செய்வது மாதிரி ஆகிவிடும். முதல் ஆட்டத்தில் அங்கோலாவை 116-48. இறுதியாட்டத்தில் குரோவேஷியாவை 117-85. எட்டு ஆட்டங்களில் மிக நெருக்கமானது என்றால் இந்த இறுதியாட்டம்தான். அதுவே 32 புள்ளி வித்தியாசம்! சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 44 புள்ளி. பயிற்சியாளர் சக் டாலி அந்த எட்டு ஆட்டத்திலும் ஒரு தடவைகூட 'டைம் அவுட்' கேட்கவில்லை. கேட்டு என்ன சொல்வது? 'பசங்களா, கொஞ்சம் மெதுவா' என்றா?

தங்கம் வாங்கியாயிற்று. அணி சரித்திரத்தில் இடம் பிடித்தாயிற்று. அப்புறம் என்ன சார் விவாதம் என்கிறீர்களா? அந்த சக் டாலி அந்த வருடம் வரை ஒன்பது சீசன்கள் எந்த அணிக்குப் பயிற்சியாளர் தெரியுமா? டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். அந்த அணி 1989-லும் 1990-லும் வரிசையாகச் சாம்பியன் ஆனது. அதன் கேப்டன் பெயர் ஐசையா தாமஸ்.

பன்னிரண்டு பேரில் அவர் பெயர் இல்லை.

* * *

ஐசையா தாமஸ் யார் என்று தெரியாதவர்களுக்கு: ஆறடி ஓரங்குலம். ஏழடி ராட்சதர்கள் உலவுகிற மைதானத்தில் இது பொடியன் உயரம். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே அந்த ராட்சதர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து போகிற வேகம். முகத்தில் குழந்தைச் சிரிப்பு. ஆட்டத்தில் ஈவு இரக்கம் கிடையாது. 1990 இறுதிப் போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். லீக்கின் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி 1996-ல் எல்லாக் காலத்துக்குமான ஐம்பது சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல் ஒன்று வெளியானது. அதில் தாமஸ் இருந்தார். கனவு அணியில் ஆடிய மல்லின் அதில் இல்லை.

இன்னொன்று. 1980-ல், பத்தொன்பது வயதில், தாமஸ் ஒலிம்பிக் அணிக்குத் தேர்வானவர். மாஸ்கோ ஒலிம்பிக்ஸ். ஆஃப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா அந்த ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்தது. பையன் பெட்டி கட்டாமலேயே போயிற்று. பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டாவது வாய்ப்பு. இந்தமுறை அரசியல் வேறு மாதிரி.

தாமஸ் நல்ல பிள்ளையா என்று கேட்டால், ஆமாம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. டெட்ராய்ட் அணிக்கே 'பேட் பாய்ஸ்' என்றுதான் பட்டப்பெயர். பட்டப்பெயரில் அவர்களுக்குப் பெருமை வேறு! கூடைக்குப் பந்தோடு வருகிறவனை இடித்துத் தள்ளுவது அவர்களுடைய பாணி. அந்த இடிகளை அதிகம் வாங்கியவர் ஜோர்டன். மூன்று வருடம் தொடர்ந்து டெட்ராய்ட்டிடம் தோற்றவர் அவர். 1985 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் புதுப்பையனான தனக்குப் பந்தே வராமல் செய்ததில் தாமஸுக்குப் பங்கு உண்டென்று ஒரு பேச்சு அப்போதிலிருந்தே உண்டு. தாமஸ் மறுத்தார்.

லாரி பேர்ட் விஷயம் வேறு. 1987-ல் பேர்ட்டின் அணியிடம் தோற்ற சூட்டில், பேர்ட் கறுப்பராக இருந்திருந்தால் அவரை யாரும் இவ்வளவு கொண்டாட மாட்டார்கள் என்ற பொருள்படப் பேசிவிட்டார். பெரிய ரகளை. பிறகு பேர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பத்திரிகையாளர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசியாக 1991 மே 27. டெட்ராய்ட்டை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தி, 4-0 என்று தொடரை முடிக்கப்போகிறது ஜோர்டனின் சிகாகோ. கடிகாரத்தில் 7.9 விநாடி பாக்கி. தாமஸ் உள்பட டெட்ராய்ட் ஆட்கள் பலர் எழுந்து, ஜெயித்தவர்களுக்குக் கை கொடுக்காமல், அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டியே நடந்து உள்ளே போய்விட்டார்கள். ஜோ டுமார்ஸ் மாதிரி ஓரிருவர் மட்டும் கை கொடுத்தார்கள். ஊரே காறித் துப்பியது. 1988-ல் டெட்ராய்ட்டிடம் தோற்ற பாஸ்டன் ஆட்கள் பலரும் இதையேதான் செய்தார்கள். ஆனால், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

நான்கே மாதத்தில் பத்துப் பெயர்கள் அறிவிப்பு.

* * *

இங்கேதான் நம் விளையாட்டின் கடினமான விதி வருகிறது. 'ஐசையாவைச் சேர்த்திருக்க வேண்டும்' என்று சொல்வது சுலபம். யாரை எடுத்துவிட்டு? அதையும் சொல்ல வேண்டும். நாற்காலி பன்னிரண்டுதான். ஒருவருக்கு நியாயம் செய்தால் இன்னொருவரை எழுந்திருக்கச் சொல்கிறோம்.

தாமஸின் இடத்தில் ஆடியவர் ஜான் ஸ்டாக்டன். அவரை எழுப்புவோமா? அமைதியான மனிதர். பார்சிலோனாத் தெருக்களில் வீடியோ கேமராவும் குடும்பமுமாகச் சுற்றினார், ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆனால், கூடை போடத் தோதாக அடுத்தவனுக்குப் பந்தைக் கொடுக்கிற கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. 'அசிஸ்ட்' என்று அதற்குப் பெயர். தன் வாழ்நாளில் 15,806. இன்றுவரை யாரும் நெருங்காத கணக்கு. இவரை எப்படி எழுப்புவது? தவிர, 1990-91 சீசனில் மணிக்கட்டில் அடிபட்டுத் தாமஸ் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் ஆடியிருந்தார். 82-க்கு 48 ஆட்டம்.

தாமஸுக்கு மனசு ஆறவில்லை. அந்த நவம்பரில் ஸ்டாக்டனின் யூட்டா அணி டெட்ராய்ட்டுக்கு வந்தபோது அவர் முன்னாலேயே 44 புள்ளி எடுத்துக் காட்டினார். பார்த்தீர்களா, யாரை விட்டிருக்கிறீர்கள் என்று. அடுத்த மாதம் யூட்டாவில் மறு ஆட்டம். ஸ்டாக்டனின் நண்பரும் கனவு அணியின் இன்னொரு உறுப்பினருமான கார்ல் மலோனின் முழங்கை தாமஸின் புருவத்தில் இறங்கியது. நாற்பது தையல். மலோனுக்கு ஓர் ஆட்டம் தடை, பத்தாயிரம் டாலர் அபராதம். ஒலிம்பிக் அணியில் அவருடைய இடத்துக்கு எந்த ஆபத்தும் வரவில்லை.

* * *

தேர்வுக்குழுவின் பக்கமும் பேசியாக வேண்டும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அரிஸ்டாட்டில் ஒரு உதாரணம் சொல்லியிருக்கிறார். நல்ல புல்லாங்குழல்கள் இருக்கின்றன. யாருக்குக் கொடுப்பது? பெரிய வீட்டுப் பிள்ளைக்கா? அழகனுக்கா? யார் நன்றாக வாசிப்பானோ அவனுக்கு என்கிறார் அவர். பொருள் எதற்காக இருக்கிறதோ அதைக் கேட்டால் யாருக்குப் போகவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சரி, ஆனால் இங்கே தனிக் கச்சேரி இல்லை. ஐந்து பேர் சேர்ந்து வாசிக்க வேண்டும். மற்ற நாலு பேருக்கும் எரிச்சல் உண்டாக்குகிற வித்வானை மேடையில் ஏற்றினால் கச்சேரி என்ன ஆகும்? ஒத்துப்போவதும் ஒரு திறமைதான். ஆபீஸில் ஆள் எடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது தெரியும். 'வேலை நல்லாத்தான் செய்வாரு, ஆனா இவரோட யாரும் உட்கார மாட்டாங்க' என்பது ஒரு நிஜமான காரணம்.

பெயர்களை மட்டும் கூட்டினால் அணி ஆகாது என்பதற்குச் சாட்சி 2004 ஏதென்ஸ். டிம் டங்கன், ஆலன் ஐவர்சன், இளம் லெப்ரான் ஜேம்ஸ் எல்லோரும் இருந்த அமெரிக்க அணி. முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவிடம் 92-73 என்று உதை வாங்கியது. பிறகு லித்துவேனியாவிடம், அப்புறம் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம். மீண்டும் வெண்கலம். ஆகவே 'அணி நன்மைக்காக ஒருவரை விட்டோம்' என்று ஒரு குழு சொன்னால், அதைச் சாக்கு என்று உடனே தள்ளிவிட முடியாது.

ஆனால், இந்தக் காரணத்தைச் சொல்கிறவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி: இந்த அளவுகோல் எல்லோருக்கும் உண்டா?

நடத்தைதான் அளவுகோல் என்றால் சார்லஸ் பார்க்லி? 1991 மார்ச்சில், தன்னை வசைபாடிய ரசிகர் ஒருவர்மேல் துப்பப் போய், அது பக்கத்தில் இருந்த ஒரு சிறுமிமேல் விழுந்து, தடையும் அபராதமும் வாங்கியவர். ஆறே மாதத்தில் அணியில் பெயர். பார்சிலோனாவில் போய் அங்கோலாவின் எர்லாண்டர் கோயிம்ப்ராவை முழங்கையால் இடித்தார். ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், தேவையே இல்லாமல்! இத்தனைக்கும் அணியிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். நான் பார்க்லியை எடுத்திருக்கக்கூடாது என்று சொல்ல வரவில்லை. நடத்தையை ஒருவருக்கு மன்னித்தவர்கள், இன்னொருவருக்கு மட்டும் ஏன் தராசை எடுத்தார்கள் என்கிறேன்.

திறமையும் உடம்பும்தான் அளவுகோல் என்றால் லாரி பேர்ட்? 1991 ஜூனில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பெஞ்சில் உட்கார முடியாமல் மைதான ஓரத்தில் தரையில் படுத்துக்கொள்வார். பார்சிலோனாவில் தங்கம் வாங்கிப் பத்தாவது நாள் ஓய்வை அறிவித்தார். மேஜிக் ஜான்சன், தேர்வான பிறகு 1991 நவம்பரில், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை உலகத்துக்கே சொல்லிவிட்டு விளையாட்டிலிருந்து விலகினார். எச்.ஐ.வி. என்றாலே ஊர் ஒதுங்கி நின்ற காலம். இருந்தும் அவர் இடத்தை யாரும் பறிக்கவில்லை. குழு செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த காரியம் அது. இந்த இரண்டு நாற்காலிகளும் நன்றிக்காகவும் மரியாதைக்காகவும் கொடுத்தவை. தப்பே இல்லை. ஆனால் மனிதர்களைப் பார்த்து விதியை வளைக்கத் தெரிந்த ஒரு குழு, 1980-ல் ஒலிம்பிக்ஸை இழந்த ஒருவரைப் பார்த்தும் வளைத்திருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: இது அவசியமா?

44 புள்ளி வித்தியாசத்தை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். தாமஸ் சிடுசிடுவென்று ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால்கூட அது 34 ஆகியிருக்கும். அவ்வளவுதான். பார்சிலோனாவுக்கு முன்பே ஸ்டாக்டனின் கால் எலும்பில் முறிவு. எட்டில் நான்கு ஆட்டம்தான் ஆடினார். அப்போதும் அணிக்கு ஒரு குறையும் வரவில்லை. நெருக்கடியில் இருக்கிறவன் 'வேற வழியில்லைங்க' என்றால் ஒப்புக்கொள்ளலாம். பன்னிரண்டு நாற்காலியில் யாரை உட்காரவைத்தாலும் தங்கம் என்ற நிலையில் இருப்பவன் அதைச் சொல்ல முடியாது. அவசியம் இல்லாத இடத்தில் நாம் செய்கிற தேர்வுதான் நாம் யார் என்று காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது கேள்வி எளிமையானது: காரணத்தை அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொன்னீர்களா?

* * *

மூன்றாவதற்கு வருமுன் அந்தக் கல்லூரிப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. பாவம், முப்பது வருடத்துக்கும் மேலாகக் கிண்டல் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

கனவு அணியில் ஒரு நாற்காலி கல்லூரி ஆட்டக்காரருக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதில் உட்கார்ந்தவர் கிறிஸ்டியன் லேட்னர். வெளியே நின்றவர் ஷகீல் ஓ'நீல். பின்னாளில் நான்கு முறை சாம்பியன் ஆகி உலகம் அறிந்த அதே 'ஷாக்'! லேட்னரோ பின்னாளில் சுமாரான ஆட்டக்காரராகவே காலம் தள்ளினார். அந்தப் பன்னிரண்டு பேரில், தனிப்பட்ட முறையில் புகழ் மண்டபத்தில் இடம் பெறாத ஒரே ஆள் அவர். 'ஷாக்கை விட்டுட்டு இவனையா எடுத்தாங்க!' என்று சொல்லாத கூடைப்பந்து ரசிகர் கிடையாது.

ஆனால், தேதியைப் பாருங்கள். தேர்வு நடந்தது 1992 மே மாதம். அன்றைக்குக் கையில் இருந்த கணக்கு என்ன? லேட்னரின் ட்யூக் பல்கலைக்கழகம் 1991, 1992 இரண்டு வருடமும் தேசியச் சாம்பியன். அந்த மார்ச்சில்தான் கென்டக்கிக்கு எதிராகக் கடைசி நொடியில் பந்தை வாங்கித் திரும்பிப் போட்டு, 104-103 என்று ஜெயிக்கவைத்திருந்தார். அதற்கு மேல், 1990 உலகப் போட்டியிலும் 1991 பான் அமெரிக்கன் விளையாட்டிலும் நாட்டுக்காக ஆடியவர். ஓ'நீல் பெரிய ஆளாக வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால், அது வரப்போகிற கணக்கு.

வரவேண்டிய பணத்தை வந்த பணமாக எழுதக்கூடாது என்பது பி.காம். முதல் வருடப் பாடம். குழு அன்றைக்குத் தெரிந்ததை வைத்து, இருவரையும் ஒரே தராசில் நிறுத்தி, காரணம் சொல்லக்கூடிய ஒரு முடிவை எடுத்தது. ஓ'நீலுக்கு 1996 அட்லாண்டாவில் தங்கமும் கிடைத்தது.

ஆக, ஊர் சிரிக்கிற நாற்காலி நியாயமாகக் கொடுக்கப்பட்டது. காலியாக இருந்ததே தெரியாமல் தங்கம் வாங்கிய நாற்காலிதான் அநியாயமாகப் பறிக்கப்பட்டது. நாம் வழக்கமாக முடிவைப் பார்த்துத்தான் நியாயம் சொல்கிறோம். ஜெயித்தால் 'சரியாத்தான் எடுத்திருக்காங்க', தோற்றால் 'அப்பவே சொன்னேன்'. ஸ்கோர் போர்டுக்கு யார் ஜெயித்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும். யாருக்கு நியாயம் செய்தார்கள் என்பது தெரியாது.

* * *

இப்போது மூன்றாவது கேள்வி. யார் சொன்னது? யார் செய்தது?

2012-ல் ஜாக் மெக்கல்லம் என்கிற பத்திரிகையாளர் கனவு அணியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஐசையா இருந்தால் நான் வரமாட்டேன் என்று குழுவில் இருந்த ராட் தார்னிடம் தானே சொன்னதாக ஜோர்டன் அதில் ஒப்புக்கொள்கிறார். இந்தத் தார்ன்தான் 1984-ல் ஜோர்டனை சிகாகோவுக்குத் தேர்ந்தெடுத்தவர். 2020-ல் 'தி லாஸ்ட் டான்ஸ்' என்ற ஆவணத் தொடர் வந்தது. அதில் ஜோர்டன், யார் யார் ஆடுகிறார்கள் என்று மட்டும்தான் கேட்டேன், ஐசையா பெயரை நான் எடுக்கவே இல்லை என்கிறார். அதே தொடரில், மேஜிக்குக்கு அடுத்து அந்த இடத்தில் உலகத்திலேயே சிறந்தவர் ஐசையாதான் என்றும் சொல்கிறார்! சில நாட்களில் மெக்கல்லம் பழைய ஒலிநாடாவை வெளியிட்டார். ஜோர்டனின் சொந்தக் குரலில் பழைய வாக்குமூலம். தார்னோ, எங்கள் பேச்சில் ஐசையா பெயர் வரவே இல்லை என்று சாதித்தார்.

மேஜிக் கதை இன்னும் கொஞ்சம் வலிக்கும். தாமஸும் அவரும் உயிர் நண்பர்கள். 1988 இறுதிப் போட்டியில் எதிரெதிராக நின்றபோதும் ஆட்டத்துக்கு முன் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டவர்கள். தன் நோயைப் பற்றித் தாமஸ் தப்பாகப் பேசித் திரிந்தார் என்று 2009-ல் வந்த புத்தகத்தில் மேஜிக் குற்றம்சாட்டினார். கனவு அணிக்குள் அவர் வராததில் தன் பங்கும் உண்டு என்றும் எழுதினார். தாமஸ் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார்.

கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' தெரிந்திருக்கும். வரவும் செலவும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை, எங்கே தப்பு என்று உடனே தெரியவில்லை என்றால், அந்த வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் தள்ளி வைப்பார்கள். பிறகு தேடிக் கண்டுபிடித்து நேர்செய்ய வேண்டும். சோம்பேறிக் கணக்கர்கள் அங்கேயே விட்டுவிடுவார்கள். ஐசையா தாமஸ் விஷயம் அப்படித்தான் வருடக்கணக்காக சஸ்பென்ஸில் கிடந்தது. ஒருவர் 'நான் இல்லை' என்கிறார். இன்னொருவர் 'எனக்கும் ஒரு பங்கு' என்கிறார். குழுவோ, ஓட்டுப்படி வரவில்லை என்கிறது. ஆள் மட்டும் வெளியே நிற்கிறார்.

என் கட்சி இதுதான். ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல் விடுவதற்கு யாருக்கும் உரிமை உண்டு. அது ஒப்பீடு. இவரைவிட அவர் மேல் என்று சொன்னால் முடிந்தது, இவர் வருத்தப்படலாம், அவமானப்பட வேண்டியதில்லை. ஆனால், ஒருவரை அவருடைய குணத்துக்காகவோ பழைய காரியத்துக்காகவோ ஒதுக்கினால் அதற்குப் பெயர் தேர்வு இல்லை, தண்டனை. தண்டனை என்றால் குற்றம் என்ன என்று சொல்ல வேண்டும். பதில் சொல்ல அந்த ஆளுக்கு வாய்ப்புத் தர வேண்டும். தீர்ப்புக்குக் கீழே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூன்றையும் செய்யத் தைரியம் இல்லாதபோதுதான் நாம் தண்டனைக்குத் தேர்வு என்று சட்டை மாட்டிவிடுகிறோம்.

'ஜோர்டனா, ஐசையாவா என்று வந்தால் நீ யாரை எடுப்பாய்?' என்று நீங்கள் என்னை மடக்கலாம். ஜோர்டனைத்தான். யோசிக்கவே மாட்டேன். ஜோர்டன் இல்லாமல் அது கனவு அணியே கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு தாமஸுக்கு ஒரு ஃபோன் போட்டு, 'உங்கள் ஆட்டத்தில் குறையில்லை. எங்களுக்கு இன்னொருவர் கட்டாயம் வேண்டும், அவர் உங்களோடு வரமாட்டார். அதனால் உங்களை விடுகிறோம்' என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்கக் கசப்புதான். ஆனால், 'ஒருவேளை நான் அவ்வளவு நன்றாக ஆடவில்லையோ' என்ற சந்தேகத்தையாவது அவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வரமாட்டோம்.

குழுவில் ஒருவருக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. ஜாக் மெக்ளாஸ்கி, டெட்ராய்ட் அணியின் பொது மேலாளர். தாமஸை விட்டதற்காகக் குழுவிலிருந்தே ராஜினாமா செய்தார். தன் அணிக்காரனுக்குப் பரிந்து பேசினார் என்று சொல்லிவிடலாம். இருக்கட்டும். தன் பெயரைப் போட்டு ஒரு நிலைப்பாடு எடுத்த மனிதர் அவர்.

* * *

மிச்சக் கதை சுருக்கம். 1994 உலகப் போட்டிக்கான அமெரிக்க அணியில் தாமஸுக்கு இடம் கிடைத்தது. அந்த ஏப்ரலில் குதிகால் நரம்பு கிழிந்தது. அணிக்கும் போகவில்லை, ஆட்டமும் முடிந்துபோனது. ஒலிம்பிக்ஸ் கடைசிவரை இல்லை. கை கொடுக்காமல் நடந்துபோன அந்த 7.9 விநாடியை இன்னொரு முறை வாழ முடிந்தால் வேறு மாதிரி நடந்துகொள்வோம் என்று 2020-ல் அந்த ஆவணத் தொடரில் அவரே சொன்னார்.

2017 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. மேஜிக்கும் தாமஸும் எதிரெதிர் நாற்காலியில். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. பேசிக்கொண்டே வந்த மேஜிக், உன்னைக் காயப்படுத்தியிருந்தால் மன்னித்துவிடு என்றார். இரண்டு பெரிய மனிதர்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெயர் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து அந்த ஒரு வாக்கியத்துக்கு இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது.

நீங்களும் ஏதோ ஒரு தேர்வுக்குழுவில் உட்காரத்தான் போகிறீர்கள். அது ஒலிம்பிக் அணியாக இருக்காது. ஆபீஸில் ஒரு பிரமோஷன், சங்கத்தில் ஒரு பதவி, கல்யாணப் பத்திரிகையில் யார் யார் பெயர் என்கிற குடும்பப் பஞ்சாயத்து. பன்னிரண்டு பெயர் எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். வாசலில் நிற்கிறவரை ஒரு நிமிஷம் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காரணத்தைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

சொல்ல வாய் வரவில்லை என்றால், பட்டியலை இன்னொரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.